கண்டம் என்றால் துண்டு

தமிழில் நிலத்தைப் பற்றி இரண்டு பெரிய கதைகள் இருக்கின்றன. தெற்கே கிடந்த ஒரு பெருநிலம் கடலில் மூழ்கிப்போனது என்பது முதல் கதை. தெற்கே கிடந்த ஒரு பெருநிலம் உடைந்து, துண்டுகள் ஆளுக்கொரு திசையில் விலகிப் போயின என்பது இரண்டாவது. முதல் கதைக்குக் குமரிக்கண்டம் என்று பெயர். அதற்கு நூல்கள் உண்டு, மேடைகள் உண்டு. 1981-ல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அரசு செலவில் எடுத்த ஆவணப்படமே திரையிடப்பட்டது. இரண்டாவது கதைக்குக் கோண்ட்வானா என்று பெயர். பள்ளிப் புவியியலில் ஓரிரு பத்திகளைத் தாண்டி அது தமிழ் வாசகர் கண்ணில் படுவது அபூர்வம்.

இரண்டில் எது உண்மை என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. நிலவியல் அதை எப்போதோ முடித்துவிட்டது. ஒரு வாசகனாக எனக்குள்ள கேள்வி வேறு. உடைந்த கதையை விட மூழ்கிய கதை நமக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது? அப்படிப் பிடித்துப்போனதால் நம் வாக்கியங்களுக்கு என்ன ஆயிற்று?

நான் இதைத் தாயில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். வெம்பக்கோட்டைக்குப் பக்கம், சுற்றிலும் கரிசல், ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆபீஸ்கள். (இங்கே ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்.) மேற்கே பார்த்தால் மலை தெரியும். ஊர் விவரத்தை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

1

மூழ்கிய கதையின் ஊற்றுகள் பழையவை. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பாண்டியன் நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டதைக் கலித்தொகை சொல்கிறது. இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களின் வரலாற்றைச் சொல்லி, முதலிரண்டும் இருந்த ஊர்களைக் கடலுக்குக் கொடுக்கிறது. அடியார்க்கு நல்லார் அளவே சொல்லிவிடுகிறார்: எழுநூற்றுக் காவதம், நாற்பத்தொன்பது நாடுகள். ஆனால் இவர்களில் யாரும் அதைக் கண்டம் என்று சொல்லவில்லை. ‘குமரி கண்டம்’ என்ற சொற்சேர்க்கை கந்தபுராணத்தில் வருகிறது. அங்கே அது பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று. மூழ்கவில்லை, பத்திரமாக இருக்கிறது.

அதை மூழ்கடிக்க ஒரு ஆங்கிலேயர் தேவைப்பட்டார். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்ற குரங்கினச் சொந்தம் மடகாஸ்கரில் நிறைய இருப்பதையும், அதன் உறவு விலங்குகள் இந்தியாவில் இருப்பதையும் பார்த்தார். நடுவில் இவ்வளவு கடல் இருக்கிறதே என்று யோசித்து, முன்னொரு காலத்தில் அங்கே தரை இருந்திருக்கும் என்று முடிவுகட்டி, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து அறிவியலில் இது வழக்கமான வழிதான். இரண்டு கரைகளில் ஒரே உயிர் இருந்தால் நடுவே ஒரு நிலப்பாலம் போடுவார்கள், வேலை முடிந்ததும் மூழ்கடித்துவிடுவார்கள். பிறகு எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனித இனமே அங்கேதான் தோன்றியிருக்கும் என்றார். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-ல் லெமூரியாவைத் தன் ஞானப் புத்தகத்துக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம் அது தமிழுக்கு வந்தது. பரிதிமாற் கலைஞர், பாவாணர், அப்பாத்துரையார் என்று ஒவ்வொருவராக அதை உரையாசிரியர்களின் கடல்கோளோடு ஒட்டவைத்தார்கள்.

இதை எள்ளி நகையாடுவது சுலபம். சுமதி ராமசாமி அப்படிச் செய்யவில்லை. 2004-ல் வந்த அவருடைய ‘தி லாஸ்ட் லேண்ட் ஆஃப் லெமூரியா’ ஆங்கில நூல், இழந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைத் திரும்பத் திரும்ப இழந்துகொண்டே இருப்பதும் ஓர் உழைப்பு என்கிறது. அந்த உழைப்பு யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்கிறது. தேவை உண்மையானதுதான். வடமொழிக்குப் பின்னால் வந்த மொழி என்று தமிழை ஒதுக்கிய காலத்தில், ஒரு வாத்தியாருக்கு ஒரு முழுக் கண்டமே முதுகுக்குப் பின்னால் இருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

கா. அப்பாத்துரையாரின் ‘குமரிக்கண்டம் அல்லது கடல் கொண்ட தென்னாடு’ நூலைப் படிக்கும்போது அந்தத் தெம்பு நம்மையும் தொற்றிக்கொள்கிறது. அந்த உரைநடையில் தயக்கமே கிடையாது. குறையும் அங்கேதான் இருக்கிறது. இந்த மரபு நூல்களில் உரையாசிரியரும் ஐரோப்பிய விலங்கியலாளரும் ஒரே கூண்டில் ஏறி ஒரே சாட்சி சொல்கிறார்கள். ஒருவர் சொன்ன காலத்துக்கும் இன்னொருவர் சொன்ன காலத்துக்கும் நடுவில் கோடிக்கணக்கான வருடங்கள் இருப்பதை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

2

உடைந்த கதைக்கு வருவோம். கோண்ட்வானா என்பது கோண்டு மக்களின் காடு என்று பொருள்படும் மத்திய இந்தியப் பெயர். 1872-ல் மெட்லிகாட் அங்கிருந்த பாறை அடுக்குகளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 1885-ல் எட்வர்ட் சூஸ் என்ற ஆஸ்திரிய நிலவியலாளர் அதைப் பெரிதாக்கி ‘கோண்ட்வானா நிலம்’ என்றார். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன என்பது அவர் கணிப்பு. குளோசாப்டெரிஸ் என்ற, நாக்கு வடிவ இலை கொண்ட அழிந்துபோன தாவரத்தின் தடங்கள் தென்திசை நிலங்களில் பரவிக்கிடந்தது அதற்கு ஒரு பெரிய ஆதாரம்.

வேடிக்கை என்னவென்றால், சூஸும் மூழ்கிய கதைக்காரர்தான். நடுவில் இருந்த நிலம் கடலுக்குள் இறங்கிவிட்டது என்றே அவரும் நினைத்தார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாமும் அவர்களும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் தங்கள் கதையை மாற்றிக்கொண்டார்கள்.

1912-ல் ஆல்பிரட் வேகனர், நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்றார். சிரித்தார்கள். தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன ஸ்காட் குழுவினரின் உடல்களை அதே 1912-ன் இறுதியில் கண்டெடுத்தபோது, பக்கத்தில் சுமார் 16 கிலோ கற்கள் இருந்தன. சாகும் நிலையிலும் இழுத்துவந்த கற்கள். அவற்றில் குளோசாப்டெரிஸ் தடங்கள் இருந்தன. பனிக்கண்டத்தில், நம் நிலக்கரிப் படுகைகளில் கிடக்கும் அதே செடி! இதற்கெல்லாம் பிறகும் வேகனரை ஏற்றுக்கொள்ள, கடல் தரையை அளந்து முடித்த 1960-கள் வரை ஆனது.

கண்டம் ஏன் மூழ்காது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்டங்களின் அடிக்கல் கிரானைட் வகை. எடை குறைவு, தடிமன் சராசரியாக 35 கிலோமீட்டருக்கு மேல். கடல் தரையின் கல் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். எடை கூடுதல், தடிமன் ஏழு கிலோமீட்டர் அளவுதான். லேசான கல் கனமான அடித்தளத்தின் மேல் மிதந்தபடி நிற்கிறது. அதைக் கிழிக்கலாம், இழுத்து மெலியவைக்கலாம், ஓரங்களில் தண்ணீர் ஏறலாம். ஒரு கண்டம் முழுசாக உள்ளே போய்விடாது. குமரிமுனைக்குத் தெற்கே உள்ள ஆழ்கடல் தரையும், கண்டங்கள் விலக விலக அந்த இடைவெளியில் பொங்கி உறைந்த குழம்புதான்.

கால வரிசை இது. கோண்ட்வானா கூடிச் சேர்ந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முன்னால் ரொடினியா என்ற இன்னொரு பெருங்கண்டம் இருந்து உடைந்திருந்தது. கோண்ட்வானா பிளக்கத் தொடங்கியது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகியது 13 கோடி ஆண்டுகள் வாக்கில். மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து கழன்றது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. செசெல்ஸ் தீவுகளின் அடிக்கல் பிரிந்தது 6.5 கோடி வாக்கில். பிறகு இந்தியா தனியாக வடக்கே ஓடி, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் போய் முட்டியது.

லெமூர்? அதன் மூதாதைகள் மடகாஸ்கர் தீவான பிறகுதான் ஆப்பிரிக்காவிலிருந்து போய்ச் சேர்ந்தன, அநேகமாக அடித்துச் செல்லப்பட்ட மரக்குவியல்களில் தொற்றிக்கொண்டு என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஸ்கிளேட்டரின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு கண்டமே தேவைப்படவில்லை.

3

சரி, மூழ்கிய கதை ஏன் ஜெயித்தது? எனக்குத் தோன்றும் முதல் காரணம், அதில் சாட்சி இருக்கிறது. கடல் வந்தபோது பார்த்தவர் இருக்கிறார், ஏடுகளை இழந்தவர் இருக்கிறார், மிஞ்சியவர் வடக்கே நடந்து வருகிறார். அழ ஆள் இருந்தால்தான் அது கதை. மடகாஸ்கர் கழன்றபோது பார்க்க மனிதன் இல்லை, குரங்குகூட இல்லை. ஒப்பாரி வைக்க யாருமில்லாத பிரிவை என்ன செய்வதென்று நம் இலக்கியத்துக்குத் தெரியவில்லை.

இரண்டாவது காரணம், மூழ்கியதைச் சரிபார்க்க முடியாது. இழந்த ஏடுகள் இருக்கிற ஏடுகளை விட எப்போதும் சிறந்தவை. 2017-ல் மொரீஷியஸ் தீவின் எரிமலைக் கல்லில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்க்கான் மணிகள் கிடைத்தன என்ற செய்தி வந்தபோது, தொலைந்த கண்டம் கிடைத்துவிட்டது என்று நம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரே கொண்டாட்டம். எங்கள் ஊர்க் கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, அப்ப குமரிக்கண்டம் நெசம்தானண்ணே?” நான் சொன்னேன்: “தம்பி, மனுசன் வந்தே மூணு லட்சம் வருசந்தான் ஆகுது. கண்டம் பிரியும்போது இழுபட்டு மெலிஞ்சு, எரிமலைக் கொழம்புக்கு அடியில மாட்டிக்கிட்ட சில்லு அது.” அவன் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அந்த வாட்டத்துக்கு மருந்து தருகிற தமிழ் நூல் இன்னும் வரவில்லை. சு.கி. ஜெயகரனின் ‘குமரி நிலநீட்சி’ (2002) மிக முக்கியமான புத்தகம். நிலவியலாளர் தமிழில் எழுதியது, சான்றுகளை வரிசையாக வைப்பது. கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம், குமரிக்குத் தெற்கேயும் கொஞ்சம் நிலம் வெளியே தெரிந்திருக்கும். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. கடல்கோள் நினைவுக்கு அந்த அளவு நிலம் போதும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்: கண்டம் அல்ல, நீட்சி. ஆனாலும் அது மறுப்பு நூல். பையனின் கையிலிருந்து ஒன்றை வாங்கிவிடுகிறது. காலியான கையில் என்ன வைப்பது என்பது அதன் வேலை இல்லை. அது எங்களைப் போன்ற எழுதுகிறவர்களின் வேலை.

4

என் பெரியப்பா கிணறு வெட்டுகிறவர். எங்கள் மண்ணின் அடுக்கை அவர் ஒரே மூச்சில் சொல்வார்: “மேல கரிசலு, அதுக்குக் கீழ சுக்கான், அதுக்கும் கீழ பாறை. பாறை வந்துட்டா வெடி வச்சுத்தான் எறங்கணும்.” கோண்ட்வானா புத்தகத்தின் முதல் அத்தியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் வெடிவைக்கிற அந்தப் பாறை, நிலவியலாளர்கள் மதுரைத் தொகுதி என்று அழைக்கும் நிலத்தைச் சேர்ந்தது. கோண்ட்வானா கூடிச்சேர்ந்த மோதலில், பூமிக்குப் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறிய கற்கள். அதன் தெற்கு எல்லையாக அச்சன்கோவில் பிளவு மண்டலம் ஓடுகிறது. மடகாஸ்கரின் தெற்கில் ரனோட்சாரா என்ற பிளவு மண்டலம் ஓடுகிறது. இரண்டு நிலங்களையும் பழையபடி சேர்த்துவைத்தால், ஒன்று மற்றதன் தொடர்ச்சி என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நம்மூரில் நிறையக் கிடைக்கும் சார்னக்கைட் கல் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் இருக்கிறது. அந்தப் பெயரே ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் சமாதிக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோயிருந்தார்கள். பிற்பாடு தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்வகைக்கு அவர் பெயரை வைத்தார்.

கடல் வேண்டுமா? அதுவும் இருக்கிறது. இதே மாவட்டத்தில் பந்தல்குடியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், மனிதனுக்கு முன், மரங்களுக்கே முன், ஒரு கடலடியில் படிந்து பிறகு மோதலில் வெந்து பளிங்கானது. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்த பிறகு கடல் உள்ளே ஏறி வந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய தடம் அரியலூரில் கிடக்கிறது. அதன் பக்கத்தில் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. உண்மையான கடல்கோள்கள் இவை. பேருந்தில் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இப்போது மேற்கே தெரியும் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான மேற்கு முகம், மடகாஸ்கரும் பின்னர் செசெல்ஸும் கழன்றுபோனபோது உருவான விளிம்போடு சம்பந்தப்பட்டது. ஒரு கண்டம் கிழிந்த இடத்தின் ஓரம் அது. கிழிந்த ஓரம் உயர்ந்து நின்றது, தென்மேற்குப் பருவக்காற்று அதில் முட்டிக் கேரளத்தில் கொட்டியது. நமக்கு வறண்ட காற்று மட்டும் வந்தது. அந்த வறட்சியில் விவசாயம் தள்ளாடியது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மருந்து காய வறண்ட காற்று தோதாக இருந்தது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு.

அதாவது மடகாஸ்கர் பிரிந்துபோன கதை தாயில்பட்டியின் கூலிப் பட்டுவாடா வரை வந்து சேர்கிறது. எழுநூற்றுக் காவதம் சொன்ன கதை இந்த ஊருக்கு ஒரு மைல்கூட வரவில்லை.

5

இங்கே நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு விமர்சகன் தனக்குப் பிடித்த கதையையும் சோதிக்க வேண்டும்.

‘கடல் கொண்டது’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் கடல். மனிதர் யாரும் பொறுப்பில்லை. ஏட்டைப் பாதுகாக்காதது யார், படி எடுக்காதது யார், கற்க விடாமல் தடுத்தது யார், எதையும் கேட்க வேண்டாம். நூறு ஆண்டுகளாக இந்த வாக்கியத்தில் துக்கம் கொண்டாடிப் பழகிவிட்டோம். இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளைப் பாருங்கள். ‘மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.’ எழுவாய் உராய்வு. ஒரு அறைக்கு எத்தனை பேர் இருந்தார்கள், வெயிலில் ஏன் வேலை நடந்தது, உரிமத்தைக் குத்தகைக்கு விட்டது யார், கண்காணிக்க வேண்டியவர் எங்கே போனார் என்பதெல்லாம் வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. இரண்டு வாக்கியங்களுக்கும் இலக்கணம் ஒன்றுதான்.

நான் மேலே சொன்ன நிலவியல் கதையும் இதே குழிக்குள் விழலாம். ‘மலை மழையை மறித்தது, அதனால் பட்டாசு வந்தது’ என்று எழுதி முடித்தால், 8.8 கோடி ஆண்டுகளின் பிரமாண்டத்தில் ஒரு கைக்கூலிக்காரப் பெண்ணின் விரல்கள் காணாமல் போய்விடும். மலை மறித்தது மழையைத்தான். கூலியை மறித்தது மலை இல்ல. நிலவியலில் எழுவாய் இல்லாத வாக்கியங்கள் நியாயமானவை, கண்டம் தானாகத்தான் கிழிகிறது. அந்த வாக்கியம் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்திலிருந்து ஆட்களின் பெயரைச் சொல்லத் தொடங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் எழுத்தாளனின் வேலை.

கரிசல் இலக்கியம் இதை நன்றாகச் செய்தது. கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன், எங்கள் பக்கத்து மேலாண்மறைநாட்டிலிருந்து எழுதிய மேலாண்மை பொன்னுச்சாமி, யாருக்கும் மூழ்கிய நிலம் தேவைப்படவில்லை. காலடியில் இருந்த மண் போதுமானதாக இருந்தது. அந்த மண்ணில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். ஆனால் அவர்களும் பெரும்பாலும் கரிசலோடு நின்றார்கள். சுக்கானுக்குக் கீழே போகவில்லை. வெம்பக்கோட்டையில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. சங்கு வளையல்களும் சுடுமண் உருவங்களும் நுண்கற்கருவிகளும் வெளியே வந்தன. அது ஒரு படி கீழே. பெரியப்பா சொல்லும் பாறை அதற்கும் கீழே.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலமும் பொழுதும். நிலத்தை நாம் விடாமல் எழுதியிருக்கிறோம். பொழுதைச் சிறுபொழுது, பெரும்பொழுது என்று நாளுக்கும் ஆண்டுக்கும் உள்ளேயே வைத்துக்கொண்டோம். கோண்ட்வானா நமக்குத் தருவது அதைவிடப் பெரிய ஒரு பொழுது. அதில் நமக்குப் பெருமை கிடையாது, நாம் அப்போது இல்லை. உறவு கிடைக்கிறது. மடகாஸ்கரின் தெற்கில் ஒருவர் கிணறு வெட்டினால் அவர் கடப்பாறையும் நம் பெரியப்பாவின் கடப்பாறையும் ஒரே கல்லில் மோதலாம்.

கண்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் முதலில் துண்டு என்றுதான் பொருள். கண்டதுண்டமாக வெட்டுவது என்கிறோமே, அந்தக் கண்டம். சோதிடத்தில் இன்னொரு பொருள், உயிருக்கு ஆபத்து. இவனுக்கு நெருப்பில் கண்டம் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டாவது பொருளைத்தான் அதிகம் கேட்கிறோம். வாட்டத்தோடு போன அந்தப் பையனுக்கு ஒரு புத்தகம் எழுதுவதாக இருந்தால், முதல் பொருளில் தொடங்கி இரண்டாவது பொருளில் வந்து நிற்கிற மாதிரி எழுத வேண்டும். அதில் 8.8 கோடி ஆண்டுகளுக்கு எழுவாய் தேவையில்லை. கடைசி நூறு ஆண்டுகளுக்குத் தேவை.